ஒரே ஒரு எட்டு வைக்கும் தொரை

கைப்பேசியில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கும்போது, முகம் தெரியாத யாரோ ஒருவர் என் ராஜாவை ஓரத்துக்குத் தள்ளி ஆட்டத்தை முடித்துவிட்டால், எனக்கு மட்டும் ஒரு கைதட்டல் கேட்கும். தோற்றவள் நான்தான், கைதட்டுவதும் எனக்குத்தான். நான் அடிக்கடி தோற்பவள் இல்லை என்பதால் அது அபூர்வமாகவே கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் எங்கள் லயமும், ஆறு வீட்டில் ஒரு வீட்டிலும் சோறு வைக்காத அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலமும் ஞாபகத்துக்கு வரும்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் லயம் எங்களுடையது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கொழும்பில் கடையில் வேலை செய்த மாமா, தீபாவளிக்கு வரும்போது டீவி கேம் ஒன்று வாங்கி வந்தார். டீவியோடு வயரைப் பொருத்தி, கேசட்டைச் சொருகி, ரிமோட்டைக் கையில் பிடித்து ஆடுகிற சாமான். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக எழுதியிருந்தது. உள்ளே இருந்தது முப்பதோ என்னவோ. மிச்சமெல்லாம் அதே கேம்கள்தான், வேறு வேறு பெயரில்.

கார் ஓட்டுவது, துவக்கால் சுடுவது, சுவரேறிக் குதிப்பது எல்லாவற்றையும் அண்ணன் எடுத்துக்கொண்டான். அவன் விரல் வலித்தால்தான் ரிமோட் என் கைக்கு வரும். அவன் தொடாத கேம் ஒன்று இருந்தது. அதில் எதுவும் ஓடாது, எதுவும் வெடிக்காது. கட்டம் கட்டமாக ஒரு பலகை, அதன்மேல் பொம்மைகள். அதற்கு அண்ணன் வைத்த பெயர் ‘செத்த கேம்’. செத்ததை நான் எடுத்துக்கொண்டேன்.

மாமாவுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். டீவிக்குப் பக்கத்தில் நின்று விரலால் தொட்டுக் காட்டினார். “இந்தா நிக்கிறாரே, இவருதான் ராஜா. ஒரு எட்டுக்கு மேல வைக்க மாட்டாரு. ஆனா மத்தவங்க எல்லாரும் இவருக்காகத்தான் பாடுபடணும். இவரு போனா எல்லாம் போச்சு.”

ஸ்டோருக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னார்: “அப்ப அது ராஜா இல்ல, மாப்புள. நம்ம தொரை.”

அன்றிலிருந்து ராஜா தொரையாகிவிட்டார். தோட்டத்தையே ஆளுகிற மனேஜரைத்தான் நாங்கள் தொரை என்போம். தொரை வந்துவிட்டால் மற்றவர்களும் தானாக வந்துவிடுவார்கள் அல்லவா? பக்கத்தில் நின்ற ராணி, தொரையின் பெண்சாதி தொரைசானி. இரண்டு மூலையிலும் நின்ற கோபுரங்கள் எங்களுக்கு ஸ்டோர், அதாவது தேயிலை அரைக்கிற பெக்டரி. நேராக ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் கோணலாகவே போகிறவர் கணக்கப்பிள்ளை. குதிரை குதிரைதான். முன்வரிசையில் நின்ற எட்டுப் பேரும் ஆளுங்க, தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். தொரையின் பங்களா சமையலறையில் கொஞ்ச காலம் வேலை செய்த சித்தி, பக்கத்து வீட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சரியாத்தான் செஞ்சிருக்கான். தொரை ஒரு எட்டுதான். தொரைசானிதான் பங்களா பூரா.”

எனக்கு வேறு வாத்தியார் தேவைப்படவில்லை. தப்பாக நகர்த்தினால் டீவி ‘ட்ர்ர்’ என்று உறுமும். உறுமாத இடமெல்லாம் சரியான இடம். அப்படித்தான் சட்டம் முழுவதையும் படித்தேன். ஒவ்வொரு லெவலாக ஏறிக் கடைசி லெவலுக்கும் வந்துவிட்டேன். அங்கேதான் வினை. கடைசி லெவலில் டீவி ஒவ்வொரு தடவையும் ரொம்ப நேரம் யோசிக்கும். ஒரு கேம் முடிய ஒன்றரை மணித்தியாலமாவது ஆகும். எங்கள் லயத்துக் கரண்ட் அவ்வளவு நேரம் பொறுக்காது. சாயங்காலம் தேயிலை மலையிலிருந்து வந்த கையோடு ஒரு வீட்டில் ரைஸ் குக்கர், இன்னொரு வீட்டில் ஹீட்டர், மூன்றாவது வீட்டில் அயன் என்று சொருகுவார்கள். குண்டு பல்பு மஞ்சளாகிச் சுருங்கும். டீவி கேம் ஒரு தரம் விக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அப்படிப் பாதியில் நின்றுபோன சண்டைகள் எத்தனை என்று எனக்கே தெரியாது. எல்லாவற்றிலும் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் தெரியும்.

இந்த நிலையில்தான் பசறை டவுனில் அண்ணனுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான். அவனிடம் நல்ல கிரிக்கெட் மட்டை இருந்தது. டீவி கேமைக் கொடுத்தால் மட்டையைத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

“மாமா ரெண்டு பேருக்கும்தான் வாங்கிக் குடுத்தாரு” என்று நான் நின்றேன்.

“நீ அந்தச் செத்த கேமைத்தானே ஆடுற? அதுலயும் கடைசி லெவல ஜெயிச்சதே இல்ல.”

“கரண்ட் வுடலைன்னா நான் என்ன பண்றது?”

“சாக்கு. சனிக்கெழம ஒரே ஒரு சான்ஸ். ஜெயிச்சிட்டேன்னா கேம் ஒனக்கே. இல்லாட்டி ஞாயித்துக்கெழம பசறைக்குப் போவுது.”

அம்மாவைப் பார்த்தேன். அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டே, “பேசினது பேசினதுதான், ரெண்டு பேரும் அடிச்சுக்கக் கூடாது” என்று தீர்த்துவிட்டாள்.

பயமா? துளிகூட இல்லை. டீவியை எப்படித் தோற்கடிப்பது என்று எனக்குத் தெரியும். கரண்டைத்தான் தோற்கடிக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமை மத்தியானம் லயத்தின் ஒவ்வொரு வாசலுக்கும் போனேன். முதலில் சித்தி வீடு.

“சித்தி, ஆறு மணியிலருந்து என் கேம் முடியிற வரைக்கும் குக்கர் போடாதீங்க.”

“அப்ப சோறு?”

“முடிஞ்சப்புறம் வைங்க.”

“எப்ப முடியும்?”

“ஜெயிச்சதும் முடிஞ்சிரும்.”

“தோத்துட்டா?”

“தோக்க மாட்டேன் சித்தி.”

சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அடேயப்பா! சரி போ.”

மூன்றாவது வீடு தலைவருடையது. தொழிற்சங்கத்துக்குத் தோட்டத்தில் தலைவராக இருந்தவர். அவர் பெண்சாதிகூட அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, “கோரிக்கைய எழுத்துல கொண்டாந்தியா?” என்றார்.

“வாயாலதான் சொல்றேன் தலைவரே.”

“வாயால சொன்னது எதுவும் நின்னதில்ல பாப்பா. பரவால்ல, போ. போராட்டத்துக்கு நம்ம முழு ஆதரவு.”

ஆறு வீடும் சம்மதித்துவிட்டன. இப்படி ஒரு வெற்றியை அந்த வயதில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ரிமோட்டைக் கையில் எடுத்தேன். ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. சோறு வைக்க முடியாதவர்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்து என்ன செய்வார்கள்? எதற்காகச் சோறு வைக்கவில்லையோ, அதைப் பார்க்க வந்துவிட்டார்கள். முதல் ஆளை நான் நகர்த்துவதற்குள் எங்கள் வீட்டின் ஒரே அறையான காம்பரா நிறைந்து, வாசலிலும் தலைகள் தெரிந்தன. அம்மா எல்லோருக்கும் பாலில்லாத் தேநீர், எங்கள் சாயத்தண்ணி, ஊற்றினாள். அதுவும் விறகடுப்பில் வைத்தது.

“இதுல நம்ம தொரை எது?” என்று சித்தி கேட்டாள்.

“வெள்ள.”

“தொரைன்னா வெள்ளயாத்தான் இருப்பாரு.”

“அந்தப் பக்கம் நிக்கிறது?” என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

“அதுவும் தொரைதான். கறுப்பு.”

தலைவர் சிரித்தார். “வெள்ளத் தொரை போயி கறுப்புத் தொரை வந்து எவ்வளவு காலமாச்சு. இவங்க இன்னமும் அடிச்சுக்கிறாங்களா?”

அம்மா முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முன்னால நிக்கிறவங்க யாரு?”

“ஆளுங்கம்மா.”

“பொம்பளைங்களா?”

“அப்படியெல்லாம் இல்லம்மா, சும்மா பொம்ம.”

“நெரை புடிச்சு நிக்கிறாங்களே. கொழுந்தெடுக்கிற பொம்பளைங்கதான்.” தேயிலை மலையில் ஆளுக்கொரு வரிசை பிடித்து நிற்பதைத்தான் நிரை என்பார்கள். அம்மா அப்படிச் சொன்னதும் அங்கிருந்த பெண்களெல்லாம் டீவியைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. ஆரம்பத்திலேயே ஓர் ஆளைச் சும்மா கொடுத்துவிடுவது. எதிரி அதை வெட்டப் போகும் நேரத்தில் என் கணக்கப்பிள்ளைக்கும் தொரைசானிக்கும் வழி திறந்துவிடும். கெட்டிக்காரத்தனமான ஆட்டம், நானே கண்டுபிடித்தது. ஆளை முன்னால் தள்ளினேன். டீவி நீண்ட நேரம் யோசித்துவிட்டு வெட்டியது.

“ஐயையோ!” என்று காம்பராவே கத்தியது.

“பாத்துக்கிட்டே இருந்து வுட்டுட்டியே புள்ள!”

“இல்ல சித்தி, வேணும்னுதான் குடுத்தேன். தொரைசானி வெளிய வரணும்ல.”

“தொரைசானி வெளிய வர்றதுக்கு நம்ம ஆள் சாகணுமா?” சித்தி எழுந்துவிட்டாள். “இந்த அநியாயத்துக்கா நான் பட்டினி கெடக்குறேன்? போயி குக்கரப் போடுறேன்.”

“சித்தி, சித்தி! உக்காருங்க. இனிமே குடுக்க மாட்டேன்.”

அந்த ஒரு வாக்கில் என் திட்டமெல்லாம் போய்விட்டது. கரண்ட் அவர்கள் கையில் இருந்தது. நான் ஓர் ஆளை நகர்த்தப் போனாலே யாராவது ஒருவர், “அங்க பத்திரமா இருப்பாளா?” என்று கேட்பார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் குக்கர் பேச்சு எழும். சரி, எதிரியின் ஆளையாவது வெட்டலாம் என்று குதிரையைக் கொண்டுபோய் ஒன்றை வெட்டினேன். அதற்கும் ஏச்சு.

“அந்தப் புள்ள ஒன்ன என்ன பண்ணுச்சு?” கடைசி வீட்டு அக்கா. “அதுவும் அங்க நெரை புடிச்சு வேலதானே செய்யுது?”

“அக்கா, அது எதிரி ஆளு.”

“எதிரியாவது ஒண்ணாவது” என்றார் தலைவர். “ஆளுன்னா ஆளுதான். வேற தோட்டம், அவ்வளவுதான்.”

பிறகு, தொரையை ஸ்டோரோடு இடம் மாற்றி மூலையில் பதுங்க வைக்கிற வேலையைச் செய்தேன். ஒரே நேரத்தில் இரண்டு பேர் நகரலாம் என்கிற அந்தச் சலுகையை நான் ஒரு நாள் தற்செயலாகக் கண்டுபிடித்திருந்தேன். தொரை ஸ்டோருக்கு அந்தப் பக்கம் போய் நின்றதும், பெண்கள் சிரித்த சிரிப்பில் சாயத்தண்ணி சிந்தியது.

“ஒளிஞ்சிட்டாரு! தொரை ஸ்டோருக்குப் பின்னால ஒளிஞ்சிட்டாரு!”

“சம்பளப் பேச்சு வந்திருக்கும்.”

இதற்குள் தலைவர் யோசனையில் ஆழ்ந்திருந்தார். “பாப்பா, ஆளுங்க எல்லாரும் நகர மாட்டோம்னு நின்னுட்டா?”

“அப்படி நிக்க முடியாது தலைவரே. நம்ம முறை வந்தா எதையாவது நகர்த்தியே ஆகணும்.”

“வேலைநிறுத்தமே பண்ண முடியாத தோட்டமா இது?”

“எதையாவதுதானே? ஆளத்தான்னு இல்லையே?” என்றாள் அம்மா திடீரென்று. “தொரைய நடக்கச் சொல்லு. அவருக்குக் கால் இல்லையா?”

தொரையை வெளியே விடுவது எவ்வளவு ஆபத்து என்று நான் விளக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. இரண்டு தொரைசானிகளும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு ஏற்கெனவே போயிருந்தார்கள். சித்தி மறுபடியும் எழுந்து, வாசல் வரைக்கும் போய்விட்டாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். நான் தொரையை ஸ்டோருக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்தேன்.

“ஒரு எட்டு!” என்று எல்லோரும் சேர்ந்து கூவினார்கள்.

டீவி யோசித்தது. நகர்ந்தது.

“இன்னும் ஒரு எட்டு!”

தொரை பலகையின் நடுவுக்கு வந்து, ஓரத்தில் மாட்டிக்கொண்டிருந்த ஓர் ஆளைக் காப்பாற்றப் போனார். அவர் வைத்த ஒவ்வொரு எட்டுக்கும் காம்பராவில் ஆரவாரம். மலைக்கு வந்த தொரை சேற்றில் இறங்கி நடந்தால் எப்படி இருக்கும் என்று கடைசி வீட்டு அக்கா நடித்துக் காட்டினாள். வேட்டியை அல்ல, காற்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான் மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு ஸ்டோர் ஒன்று இறங்கி வந்துவிட்டது. கறுப்புக் குதிரை ஒரு பாய்ச்சலில் பக்கத்தில் நின்றது. தொரை தன் ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆளும் பிழைத்தாள். அடுத்த நகர்த்தலில் டீவி கூவென்று கூவியது.

நான் ரிமோட்டை எல்லாப் பக்கமும் அமுக்கினேன். ட்ர்ர். ட்ர்ர். ட்ர்ர். தொரைக்கு ஓர் எட்டுக்கூட மிச்சமில்லை.

“என்னா, நடக்க மாட்டேங்கிறாரு?”

“முடிஞ்சு போச்சு” என்றேன். “தொரை மாட்டிக்கிட்டாரு. எங்கேயும் போக முடியாது.”

அப்புறம் கைதட்டல். எங்கள் லயத்துத் தகரக் கூரை அப்படி ஒரு சத்தத்தைத் திருவிழாவில்கூடக் கேட்டிருக்காது. தலைவர் “அப்புடிப் போடு!” என்று தொடையில் அடித்தார். கடைசி வீட்டு அக்கா விசிலடித்தாள். என் அம்மா, என்னைப் பெற்ற அம்மா, கையைத் தட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“நான் தோத்துட்டேன்!” என்று கத்தினேன். “இதுதான் தோல்வி! தொரை போனா எல்லாம் போச்சு!”

“யாரு சொன்னா?” தலைவர் டீவிக்குப் பக்கத்தில் போய் விரலால் எண்ணினார். “இந்தா, நம்ம ஆளுங்க அஞ்சு பேரு நிக்கிறாங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க ஆறு பேரு. எல்லாம் நல்லா இருக்காங்க. தொரைதான் போயிருக்காரு. இது எப்புடித் தோல்வியாவும்?”

அண்ணன் அதற்குள் வயரைக் கழற்ற வந்துவிட்டான். அவன் முகத்தில் கிரிக்கெட் மட்டை தெரிந்தது. “அவ தோத்துட்டா தலைவரே. பாருங்க, டீவியிலயே இங்கிலீஸ்ல போட்டிருக்கு. லூஸ்னா தோல்வி.”

“இங்கிலீஸ்ல எழுதினதையெல்லாம் நம்பித்தான் நாங்க கையெழுத்துப் போட்டுப்போட்டு இப்புடி நிக்கிறோம்” என்றார் தலைவர். “அது செல்லாது. கூட்டத்துல கேப்போம். பாப்பா ஜெயிச்சிருச்சுன்னு சொல்றவங்க கைய தூக்குங்க.”

எல்லாக் கைகளும் எழுந்தன. எதிர்த்தவர்கள் இரண்டே பேர், அண்ணனும் நானும். வாழ்க்கையில் நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். அழுதுகொண்டே சட்டத்தை முதலிலிருந்து விளக்கினேன். பெண்களோ சோறு வைக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். சித்தி மட்டும் போகிற வழியில் அண்ணன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். “எங்கடா தூக்கிட்டுப் போகப் பாக்குற? அடுத்த சனிக்கெழம நாங்க எதப் பாக்குறது?”

ஒவ்வொரு வீடாகக் குக்கர் ஏறியது. பல்பு மஞ்சளாகச் சுருங்கியது. டீவி கேம் விக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. எட்டு ஆளுங்களும் மறுபடியும் நிரை பிடித்து நின்றார்கள். அது பசறைக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா மலையிலிருந்து வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாக நின்றிருக்கிறார்கள். தொரை ஜீப்பிலிருந்து இறங்கிக் காலைக் கீழே வைத்திருக்கிறார். பின்வரிசையிலிருந்து சித்தி, சன்னமாக, “ஒரு எட்டு” என்றிருக்கிறாள். அவ்வளவுதான். வரிசை முழுவதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியிருக்கிறது. தொரை தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்திருக்கிறார். கங்காணி என்ன சிரிப்பென்று கேட்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை.

“ஏம்மா, தொரைக்கு செஸ் தெரியுமா?” என்று கேட்டேன்.

அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்படிச் சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, தொரை போனால் எல்லாம் போச்சு என்கிற அந்த முதல் சட்டத்தை நிதானமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன். எனக்கு அவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரியவர்களாக இருந்தும், யார் ஜெயித்தார்கள் என்பதுகூடத் தெரியாமல் இருக்கிறார்களே.